கரீம் பாயின் காது

வீட்டில் வால்வு ஆம்ப் கட்டும்போது நினைவில் வைத்துக்கொள்ள ஏதாவது எழுதிக் கொடுங்கள் அம்மா என்று நீங்கள் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. முகப்பேரிலும் ஐயப்பன்தாங்கலிலும் ஃபிளாட்டில் இருந்துகொண்டு, வாரம் முழுக்க கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் சாப்பாட்டு மேசை மேல் சேசிஸ் தகரப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து ஈயம் வைக்கிறவர்கள் நீங்கள். கிடார் சத்தத்தைப் பெரிதாக்குகிற பழைய காலத்து ஆம்ப் மாதிரியே கட்டுகிறீர்கள், அதிலேயே புது வசதியும் சேர்க்கிறீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தது நான்தான். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இந்தக் கிழவிக்குக் கை வராது போலிருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் கரண்ட் நிற்கும், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு தொடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். செல்போனில் படம் போட்டே காட்டுகிறார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். எண் வேகமாக வரும், எழுத்து மெதுவாகத்தான் வரும். அதனால் ஒரே ஒரு ஆம்ப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை நான் சரி செய்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச நாள் நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் செம்பு வயர் சுற்றுகிற வைண்டிங் வேலையில் இருந்தேன். ரேடியோ, பள்ளிக்கூடத்து மைக் செட், கோவில் ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் டிரான்ஸ்பார்மர் அங்கிருந்து போகும். எங்கள் வரிசையில் பதினோரு பெண்கள். வரிசைக்கு மூத்தவளாக ஒரு அக்கா இருந்தாள். ரிப்பேருக்கு வருகிற பீஸை எடுத்த எடுப்பில் யாரும் அறுக்கக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். முதலில் மேல் பேப்பரைப் பிரிக்க வேண்டும். உள்ளேயிருந்து வருகிற மெல்லிசு வயர், வெளியே போகிற தடித்த வயரோடு சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அந்த ஈயம் வைத்த இடத்தில்தான் பச்சை பூத்து அறும். உள்ளே வைண்டிங் நன்றாகவே இருக்கும். பொணத்தையே மூக்குல கைய வெச்சுப் பாத்துட்டுத்தான்டி தூக்கறாங்க என்பாள். பார்க்காமல் அறுத்தவளை ஒரு நாள் முழுக்க இரும்புத் தகடு அடுக்க உட்கார வைத்துவிடுவாள். எல்லோரும் ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்ததில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

வேலையிலிருந்து நின்றபோது கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு வைண்டிங் மெஷினை வாங்கிக்கொண்டு வந்து, மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு முன் அறையில் வைத்தேன். சர்ச்சில் வாசிக்கிறவர்கள், லைட் மியூசிக் குரூப்காரர்கள் என்று ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். டிரான்ஸ்பார்மரில் ஆரம்பித்து, மெல்ல முழு ஆம்ப்பும் கட்டப் பழகிக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சங்கீதக் காது கிடையாது. ஒரு கிடார் சுருதியில் இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மீட்டர் சொல்வதுதான் எனக்கு வேதம்.

ஏழு வருஷம் இருக்கும். பூந்தமல்லியிலிருந்து கரீம் பாய் வந்தார், கூட அவர் மகள் ஜீனத். கரீம் பாய் நாற்பது வருஷமாகக் கச்சேரிக் குரூப்பில் கிடார் வாசிப்பவர். திருவிழா, கல்யாண ரிசப்ஷன், எதையும் விடமாட்டார். அறுபதைத் தாண்டியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவார். ஆட்டோவிலிருந்து தேக்குப் பெட்டி போட்ட ஒரு ஆம்ப்பை இறக்கி, தரையில் பட்டென்று வைக்காமல், மடியிலிருந்து குழந்தையை இறக்குகிற மாதிரி வைத்தார்.

அது அவருடைய அண்ணன் கட்டினது. அண்ணன் ரேடியோ மெக்கானிக். உங்களைப் போல வீட்டில் வைத்து, தானே சேசிஸ் மடக்கி, தானே டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கட்டியிருக்கிறார். கரீம் பாய் கச்சேரிக்குப் போக ஆரம்பித்த புதிது அது. அண்ணன் ஒரு தடவை சுற்றுவாராம், தம்பியை வாசிக்கச் சொல்வாராம். தம்பி இல்லை என்று தலையாட்டினால் பிரித்துவிட்டு மறுபடி சுற்றுவாராம். ஒரு வருஷம் இப்படியே போயிருக்கிறது. ஒரு நாள் தம்பி, இதுதான் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பெட்டியை மூடி ஸ்க்ரூ போட்டுவிட்டாராம். அண்ணன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது.

இப்போது சத்தம் பாதியாகி, கரகரவென்று உடைகிறது என்றார். ஜீனத்துக்கு வேறு பயம். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த ஆம்ப்புக்கு இரண்டு பின் வயர்தான், எர்த் கிடையாது. அவர் கிடாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்தால் உதட்டில் சுரீர் என்கிறதாம். இதை இந்தக் காலத்துக்குத் தக்க மாதிரி மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் அத்தாவை மேடைக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். மூணு பின் வயர், எர்த், ஃபியூஸ், புது கண்டென்சர், வீட்டில் மெல்ல வாசிக்க ஒரு தனி வால்யூம், எல்லாம் போட்டுவிடலாம் என்றேன். கரீம் பாய் சரி சரி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னார்.

"இன்னா வேணா மாத்திக்கோங்கக்கா. சத்தம் மட்டும் இதே சத்தமா இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டையில் ஒரு ரிசப்ஷன், அதற்குள் வேண்டும் என்றார். அன்று புதன்.

வயர், எர்த், கண்டென்சர் வேலையெல்லாம் வியாழன் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. யார் வீட்டுப் பழைய ஆம்ப் உங்களிடம் வந்தாலும் முதலில் எர்த் போடுங்கள். பழசு பழசாகவே இருக்கட்டும் என்று யாராவது சொன்னால், உங்கள் உதட்டை வைத்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள்.

பிறகு அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு வந்தேன். வால்விலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கொண்டுபோவது அது. கவரைக் கழற்றிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. வயர் ஒரு பக்கம் மேடாக, ஒரு பக்கம் பள்ளமாகச் சுற்றியிருந்தது. துணி தைக்கிற நூலால் கட்டியிருந்தார்கள். எங்கள் வரிசையில் ஒருத்தி இப்படிச் சுற்றியிருந்தால் அக்கா மெஷினைத் தொடவே விட்டிருக்க மாட்டாள். மீட்டரை வைத்தேன். ஒரு பக்கம் காட்டியது, ஒரு பக்கம் காட்டவில்லை. வைண்டிங் அறுந்திருக்கிறது. சத்தம் பாதியானதற்குக் காரணம் அதுதான்.

இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. மீட்டர் வைப்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். நூல் கட்டைப் பார்த்தபோதே, இதைத் தூக்கிப்போட்டுவிட்டு என் கையால் ஒழுங்காக ஒன்று சுற்றி, புதுத் தகடு போட்டுக் கொடுக்க வேண்டும் என்று மனசு போய்விட்டது. மீட்டர் காட்டவில்லை என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். மேல் பேப்பரைப் பிரித்துப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் தவறாமல் செய்ததை அன்றைக்குச் செய்யவில்லை. நாள் குறைவாக இருந்தது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

பழைய வைண்டிங்கை எடுக்க இரண்டு வழி. சுற்றுச் சுற்றாக எண்ணிப் பிரிக்கலாம், ஒரு நாள் போகும். ஆக்சா பிளேடால் குறுக்கே அறுத்துக் குறடால் இழுக்கலாம், பத்து நிமிஷம். நான் அறுத்தேன். எரிந்த வைண்டிங்கை அறுத்தால் ஒரு நாற்றம் வரும், நாலு வீடு தள்ளிக்கூடத் தெரியும். அது வரவில்லை. உள்ளே செம்பு கருப்பாக இல்லாமல், புளி போட்டு விளக்கின சொம்பு மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தெரிகிறது, கை நிற்கவில்லை. வந்த கொத்தைப் பின்பக்கம் கொண்டுபோய்த் தகர டின்னில் போட்டுக் கொளுத்தினேன். எனாமலும் பேப்பரும் எரிந்தால் செம்பு தனியாக வரும், எங்கள் வழக்கம் அது.

திரும்பி வந்து மேசையைத் துடைக்கும்போது, வெளியே போகிற வயரின் முனை கையில் அகப்பட்டது. நகத்தால் தொட்டேன். ஈயம் வைத்த இடம் பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

அவ்வளவுதான். அது ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. சுரண்டிவிட்டு ஒரு சொட்டு ஈயம் வைத்திருந்தால் கரீம் பாயின் அண்ணன் சுற்றினது இன்னும் இருபது வருஷம் ஓடியிருக்கும்.

மேசையில் மிச்சம் கிடந்த பேப்பர்களை அப்புறம்தான் பார்த்தேன். ஒவ்வொரு வரிசை வயருக்கும் நடுவில் ஒரு பேப்பர் வைத்துச் சுற்றுவோம் இல்லையா, அந்தப் பேப்பர். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு எண். அந்த வரிசையில் எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொண்டே சுற்றியிருக்கிறார். எழுத்தாக இருந்தால் நான் எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றிருப்பேன். எண் என்பதால் பார்த்தவுடன் புரிந்தது. ஒரு வரிசைக்கு ஒரு வரிசை எண் வேறு. சில இடத்தில் பழைய எண்ணை அடித்துப் புதிது எழுதியிருந்தது. மேடும் பள்ளமும் கை வராததால் வந்தது இல்லை. ஒரு வருஷம் தம்பி தலையாட்டத் தலையாட்ட மாற்றி மாற்றிச் சுற்றி வந்தது அது.

பின்பக்கம் ஓடினேன். டின்னில் தண்ணீர் ஊற்றிக் கிளறினேன். மேசையில் இருந்ததோடு சேர்த்து ஏழு பேப்பரும், தீ எட்டாத ஒரு பிடி செம்பும் தேறின. மொத்தம் எத்தனை இருந்திருக்கும் என்று தெரியாது, இருபதுக்குக் குறையாது.

வியாழன் சாயங்காலம். வெள்ளியும் சனியும் கையில் இருந்தன. போன் பண்ணி, பாய், ஒரு தப்பு நடந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். இந்த ஞாயிறு வேறு ஆம்ப்பில் வாசியுங்கள், உங்கள் காதை வைத்து மறுபடி ஒன்று சுற்றுவோம் என்று சொல்லியிருந்தால் அவர் மாட்டேன் என்று சொல்கிற ஆளா? போனைக் கையில்கூட எடுத்தேன். பிறகு மெஷினில் போய் உட்கார்ந்தேன். அந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்று எனக்கு மனப்பாடம். ராத்திரி சாப்பாட்டுக்குள் பாதி முடித்துவிட்டேன். அழகான வைண்டிங். மேலே எண்ணெய் தடவினால் கண்ணாடி மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை கரீம் பாய் வந்து வாசித்துப் பார்த்தார். இரைச்சல் துளிகூட இல்லை. மைக் வைத்து உதட்டையும் வைத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. நல்லா கீதுக்கா, க்ளீனா கீது என்றார். இரண்டு தடவை வாசிப்பதை நிறுத்தி, பெட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார், பழைய வைண்டிங்குக்கு என்ன ஆச்சு என்று.

"உள்ள பூரா கருகிப்போச்சு பாய்."

"ஒரு துண்டு இருந்தா குடுங்களேன். அண்ணன் கையால சுத்துனது."

தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் நின்ற இடத்திலிருந்து எட்டினால் தொடுகிற அலமாரியில், நான் அறுத்ததில் ஒரு பிடி இருந்தது. எப்படிக் கொடுப்பேன்? கருகிப்போன செம்பு அத்தனை சிவப்பாக இருக்குமா?

ரிசப்ஷன் நன்றாக நடந்தது. இரண்டு வாரம் கழித்து ஆம்ப்போடு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. சத்தம் நல்லாத்தான் கீது. முன்ன அழுத்தி வாசிச்சா அது கொஞ்சம் பின்னாடி போய் மூச்சு வாங்கிகினு வரும். இப்ப நேரா வந்து நிக்குது."

கண்டென்சர் புதுசு பாய், பழகட்டும் என்று அனுப்பிவைத்தேன். ஒரு மாதம் பழகவிட்டு மறுபடி வந்தார். அக்கா, பழகல என்றார். அவர் சொன்னது எதனால் என்று எனக்குத் தெரியும். சொன்னால், நல்ல வைண்டிங்கைப் பார்க்காமல் அறுத்தவள் என்று ஆகும். அதுவும் நான். மீட்டரை எடுத்து ஒவ்வொரு இடமாக வைத்துக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

"மீட்டர் பொய் சொல்லாது பாய். எனக்கும் வயசாவுது, உங்களுக்கும் வயசாவுது. கண்ணு மங்கற மாதிரி காதும் மங்கும் இல்ல? ஒரு தபா காதக் காட்டிட்டு வாங்களேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வலது காதை லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"அப்டியும் இருக்கும்க்கா," என்றார். "நான்தான் அண்ணன் போட்ட பெட்டின்னு புடிவாதமா கீறேன்."

ஆஸ்பத்திரியில் போய்க் காட்டியிருக்கிறார். அந்த வயதில் யார் காதைச் சோதித்தாலும் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்லி காதில் ஒரு மெஷினையும் மாட்டிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதியாக இருந்தது. பார், உண்மையாகவே காதுதான் போலிருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் சொல்கிற குறை அந்தச் சோதனையில் பிடிபடுகிற குறை இல்லை என்று தெரிந்துகொண்டேதான் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் அவரிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. ஒரு நாள் ஜீனத் மட்டும் ஆட்டோவில் வந்தாள். ஆம்ப்பை இறக்கினாள். யாராவது வாசிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் ஆன்ட்டி என்றாள். அத்தா குரூப்பிலிருந்து நின்றுவிட்டார். காது போனவன் மேடையில் நின்றால் மற்றவர்களுக்குக் கஷ்டம் என்று தானே சொல்லி நின்றுவிட்டாராம். குரூப்பில் எல்லோரும், நல்லாத்தானே வாசிக்கறீங்க என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் நம்பவில்லை.

"எல்லாரும் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பொய் சொல்றாங்கன்றார் ஆன்ட்டி. நீங்க ஒருத்தர்தான் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்னீங்களாம். உங்களப் பத்திப் பேசாத நாளே கிடையாது."

டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டுப் போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவையும் சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். தப்பு செய்வது ஒரு நிமிஷம். அதை மறைத்தால் பிறகு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தது வேலைதான். வேலையிலேயே இதைச் சரிக்கட்டிவிடலாம், வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று பார்த்தேன். அண்ணன் போட்டிருந்த பழைய இரும்புத் தகட்டை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை, கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஏழு பேப்பரை வரிசைப்படுத்தினேன். எந்த எண்ணுக்குப் பிறகு எது வரும் என்று அவர் கை போன வழியை யோசித்து யோசித்து மிச்சத்தை நிரப்பினேன். மெஷினில் இல்லை, கையால், அவர் சுற்றின மாதிரியே மேடும் பள்ளமுமாகச் சுற்றினேன். நூலாலேயே கட்டினேன். மூன்று தடவை சுற்றினேன். மூன்றும் வேறு வேறு மாதிரி.

மீட்டரை வைத்தால் மூன்றும் ஒன்றாகவே காட்டுகிறது. எனக்கோ காது கிடையாது. இந்த மூன்றில் எது அது என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் தன் காது போய்விட்டது என்று பூந்தமல்லியில் உட்கார்ந்திருக்கிறார், நான் சொன்னதால்.

பிள்ளைகளே, நீங்கள் கட்டிக் கொடுத்ததை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து, முன்னே மாதிரி இல்லை என்று சொன்னால், மீட்டரை எடுக்காதீர்கள். முதலில் அவரை உட்கார வைத்து, முன்னே எப்படி இருந்தது என்று கேளுங்கள். வாசிக்கிறவன் காதுக்கு அளவுகோல் எதுவும் நம்மிடம் இல்லை. அது கெட்டுவிட்டது என்று நம் வாயால் சொல்லிவிட்டால், அதைச் சரி செய்ய ஒரு ஸ்பேரும் கடையில் கிடைக்காது.

மூன்றில் ஒன்றை ஆம்ப்பில் மாட்டி, மற்ற இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து வானகரம் வழியாகப் பூந்தமல்லி போனேன். போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். அவர் வீட்டில் என்னைப் பார்த்ததும் உட்காரப் பாயை விரித்தார், ஃபேனைப் போட்டார், ஜீனத்தைக் கூப்பிட்டு அக்காவுக்குச் சாப்பிட ஏதாவது கொண்டுவா என்று சத்தமாகச் சொன்னார். காதில் மெஷின் இருந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. பையிலிருந்து அந்தச் சிவப்புச் செம்பை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இது உங்கண்ணன் சுத்துனது பாய். கருகல. நான்தான் பாக்காம அறுத்துட்டேன். முனையில ஈயம் மட்டும் விட்டுப்போயிருந்தது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சொன்னது கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. மறுபடி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப ரெண்டாந்தபா நான் வந்தப்போ, சத்தம் மாறிப்போச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிகினேதான் காதக் காட்டச் சொன்னீங்க."

"ஆமா பாய்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். உள்ளே பார்த்து ஜீனத் என்று கூப்பிட்டார். அவள் தட்டோடு வந்தாள். இங்க நில்லு என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இப்ப சொன்னத இவ கிட்ட சொல்லுங்க. இன்னொரு தபா."

முப்பத்தொரு வருஷம் யாரிடமும் தலை குனியாதவள், ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு முன்னால் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். உங்கள் அத்தா காதில் குறை இருந்து சத்தம் மாறவில்லை, சத்தம் மாறினது அவர் காதுக்குச் சரியாகத் தெரிந்தது என்று சொன்னேன். ஜீனத் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

"டிவியில பாட்டு சுருதி சேரலன்னு சொல்வார் ஆன்ட்டி. உனக்குக் காது கேக்கல, பேசாம இருன்னு எத்தன தடவ கத்தியிருக்கேன்," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

கரீம் பாய் பீரோ மேலிருந்த கிடாரை இறக்கித் துடைத்தார். ஆம்ப்பைப் போட்டு, வால்வு சூடாகும்வரை காத்திருந்தோம். மெஷினைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். சுருதி சேர்த்தார். ஒரு தடவை அழுத்தி வாசித்தார். நான் மாட்டிக்கொண்டு போனதை வைத்து வாசித்தார், பிறகு நான் கழற்றி மாட்டித் தரத்தர மற்ற இரண்டையும் வைத்து வாசித்தார். மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டாவதை வாசிக்கும்போது அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் வாசிப்பதை நிறுத்தினார். ஜீனத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது சரியா கீதாக்கா?"

அண்ணன் ஒரு வருஷம் பெட்டியை மூடாமல் வைத்துக்கொண்டு எந்தக் காதைக் கேட்டாரோ, அந்தக் காது என்னைக் கேட்கிறது. ஜீனத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கதான் சொல்லணும் பாய் என்றேன். எனக்கு இன்னா தெரியும் என்றார். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

இரண்டாவதையே மாட்டிவிட்டு வந்தேன். நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. மேடைக்கு அவர் திரும்பப் போகவில்லை, வீட்டில் வாசிக்கிறார். வாரம் ஒரு தடவை எனக்குப் போன் வரும். ஹலோ சொல்ல மாட்டார். போனை ஆம்ப் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு, சரியா கீதாக்கா என்று கேட்பார். நீங்க சொல்லுங்க பாய் என்பேன். அந்தப் பக்கம் வால்வின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிடுவேன். அவர் பதில் சொல்லும்வரை நான் போனை வைப்பதில்லை. பெரும்பாலும் அவர்தான் பதில் சொல்லாமல் வைத்துவிடுவார்.